தலைகீழாகப் பாடிய பள்ளிக்கூடம்: ஷோர்வுட் லிப் டப் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருக்கும் ஊர் ஷோர்லைன். அங்கே ஷோர்க்ரெஸ்ட், ஷோர்வுட் என்று இரண்டு அரசு உயர்நிலைப் பள்ளிகள். ஒரே ஊரில் இரண்டு பள்ளி என்றால் போட்டி இல்லாமல் இருக்குமா? 2009 இறுதியில் ஷோர்க்ரெஸ்ட் மாணவர்கள் அவுட்காஸ்டின் ‘ஹே யா’ பாட்டுக்கு வாயசைத்தபடி பள்ளி முழுக்கச் சுற்றிவரும் ஒரு காணொளி (இந்த வகைக்குத்தான் லிப் டப் என்று பெயர்) எடுத்து வெளியிட்டு, ஷோர்வுட்டைச் சீண்டினார்கள். ஷோர்வுட்டின் பதில் டிசம்பரில் வந்தது. ஹால் அண்ட் ஓட்ஸின் ‘யூ மேக் மை ட்ரீம்ஸ்’ பாட்டு, வெட்டே இல்லாத ஒரே ஷாட், முழுக்க முழுக்க ரிவர்ஸில்.

ரிவர்ஸ் என்றால் எடுத்த படத்தைச் சும்மா திருப்பிப் போட்டதல்ல. அப்படிப் போட்டால் உதடு பாட்டோடு ஒட்டாது. இதில் சுற்றியிருக்கும் உலகம் பின்னோக்கி ஓடுகிறது; பாடுகிறவரின் உதடு மட்டும் பாட்டோடு நேராக வருகிறது. அப்படியானால் படப்பிடிப்பின்போது அந்தப் பிள்ளைகள் பாட்டைத் தலைகீழாக வாயசைத்திருக்க வேண்டும்.

பார்க்கிற யாருக்கும் முதலில் தோன்றுவது, ‘அடேயப்பா, எவ்வளவு கஷ்டம்’ என்பதுதான். கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லிப் டப் என்கிற வடிவத்துக்குள் வைத்துப் பார்த்தால், ரிவர்ஸ் என்கிற அந்த ஒரு முடிவு சேர்த்துவிட்ட வேலையைவிட மிச்சப்படுத்திய வேலை நிறைய என்பது என் கணக்கு. அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுக் காட்டப் போகிறேன்.

இதை எழுத ஒரு காரணமும் உண்டு. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் ‘படைப்புத் தேர்வுகள்’ என்ற தலைப்பு வந்தாலே ‘சிவப்பு கோபத்தைக் குறிக்கிறது, மழை சோகத்தைக் குறிக்கிறது’ என்று நாலு பக்கம் நிரப்பிவிடுகிறார்கள். தேர்வு என்றால் ஒன்றை எடுத்து இன்னொன்றை விட்டது. எதை விட்டோம், விட்டதால் என்ன மிச்சம், என்ன நஷ்டம் என்று சொன்னால்தான் அது விளக்கம்.

வடிவம் எங்கிருந்து வந்தது

லிப் டப் என்ற பெயரை 2006 டிசம்பரில் புழக்கத்தில் விட்டவர் விமியோ என்ற காணொளித் தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேக்கப் லாட்விக். ஹெட்ஃபோனில் பாட்டைக் கேட்டுக்கொண்டே வாயசைத்துத் தன்னைத்தானே படம்பிடித்து, அப்புறம் எடிட்டிங்கில் மூலப் பாட்டை மேலே ஒட்டினார். அவ்வளவுதான் சமாசாரம். 2007இல் கனெக்டட் வென்சர்ஸ் என்ற நிறுவனத்தின் ஊழியர்கள் தங்கள் அலுவலகத்துக்குள் ஒரே ஷாட்டில், ஆள் மாற்றி ஆள் பாடுவதுபோல் ஒன்று எடுத்தார்கள். அதன் பிறகு லிப் டப் என்றாலே ஒரு கட்டடம், ஒரு கேமரா, ஒரு ஓட்டம், வரிக்கு ஒருவர் என்று ஆகிவிட்டது. 2008இல் ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் மாணவர்கள் அதைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தார்கள். 2009 செப்டம்பர் 10 அன்று மாண்ட்ரியலில், கியூபெக் பல்கலைக்கழகத்தின் தகவல்தொடர்பு மாணவர்கள் 172 பேர் ‘ஐ காட்டா ஃபீலிங்’ பாட்டுக்கு ஒன்று எடுத்தார்கள். வேலை முடிய ஆனது இரண்டேகால் மணி நேரம். அது உலகம் முழுக்கப் பரவியது. ஷோர்லைன் போட்டி நடந்தது அந்தச் சூடு ஆறுவதற்குள்.

வாயசைப்பு நமக்கு என்ன புதிதா? தமிழ் சினிமாவின் பாட்டுக் காட்சி மொத்தமும் அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் நம் பாட்டுக் காட்சியில் வெட்டு உண்டு. ஹீரோவுக்கு ஒரு வரி தவறினால் அந்த வரியை மட்டும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். லிப் டப்பில் அந்த வசதி கிடையாது. மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் சொதப்பினால் முதல் விநாடியிலிருந்து எல்லோரும் மறுபடி ஓட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பாட்டு

மாண்ட்ரியல் மாணவர்கள் எடுத்த பாட்டு, அவர்கள் படம்பிடித்த அன்று அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. மொத்தம் 14 வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்த பாட்டு. எல்லோருக்கும் மனப்பாடம். ஒத்திகை குறைவு, ஆள் அதிகம் என்கிறபோது அது புத்திசாலித்தனமான தேர்வு.

ஷோர்வுட் எடுத்தது 1981இல் சிங்கிளாக வந்து பில்போர்டில் ஐந்தாம் இடம் வரை போன பாட்டு. பாடிய பிள்ளைகள் யாரும் அப்போது பிறக்கவில்லை. 2009இல் வெளியான ‘(500) டேஸ் ஆஃப் சம்மர்’ படத்தில் நாயகன் தெருவில் ஆடுகிற காட்சிக்கு அதைப் போட்டிருந்ததால் அந்த ஆண்டு இளசுகளின் காதில் மறுபடி விழுந்திருந்தது. அது ஒரு பக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது நீளம். ‘ஹே யா’ நாலு நிமிடத்தைத் தொடுகிறது; இது மூன்று நிமிடத்தைச் சற்றுத்தான் தாண்டுகிறது. கேமரா தூக்கியவர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடந்தால் மூன்று நிமிடத்துக்கு 180 மீட்டர் பாதை வேண்டும். ஒரு நிமிடம் கூடினால் இன்னும் 60 மீட்டர் வராண்டா, அதை நிரப்ப ஆட்கள், அவர்களுக்கு வரிகள், சொதப்ப இன்னும் நிறைய வாய்ப்பு. வெட்டில்லாத படத்தில் முக்கால் நிமிடம் குறைவது பெரிய லாபம்.

இன்னொன்று, அந்தப் பாட்டின் பல்லவியில் ‘யூ’வும் ‘ஊ ஊ’வும் இழுத்துக்கொண்டே வருகின்றன. உதட்டைக் குவித்துக்கொண்டு நின்றால் போதும். நேராக ஓட்டினாலும் திருப்பி ஓட்டினாலும் குவிந்த உதடு குவிந்த உதடுதான்.

வாய்

தலைகீழாகப் பாடுவது என்றால் என்ன என்பதில் பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. சம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகம் நமக்குத் தெரியும்: ‘யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா’ என்று தொடங்கும். கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தாலும் அதே பாட்டு. ஆனால் அதை ஒலிப்பதிவு செய்து ரிவர்ஸில் ஓட்டினால் மாலைமாற்று நிற்காது. நாம் திருப்புவது எழுத்தை. கருவி திருப்புவது ஒலியை. ‘யா’ என்பது ‘ஆய்’ ஆகும், ‘மா’ என்பது ‘ஆம்’ ஆகும். உயிர்மெய்க்குள் இருக்கிற உயிரும் மெய்யும்கூட இடம் மாறிவிடும். அதே கணக்கில் ‘யூ மேக் மை ட்ரீம்ஸ்’ என்ற வரி கிட்டத்தட்ட ‘ஸ்மீர்ட் இயம் கியெம் ஊய்’ என்று ஆகும். இதை நாலு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் யாராவது எட்டிப் பார்ப்பார்கள்.

இதற்கு முன்னால் இதைச் செய்தவர்கள் தொழில்முறை ஆட்கள். 90களின் நடுவில் ஃபார்சைட் என்ற ராப் குழுவின் ‘ட்ராப்’ பாட்டுக்கு இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸ் இப்படி எடுத்தபோது, திருப்பிய ஒலியை எழுதித்தர ஒரு மொழியியலாளரைப் பிடித்தார்கள். 2002இல் கோல்ட்ப்ளேயின் ‘தி சயின்டிஸ்ட்’ பாட்டுக்காக அந்தக் குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் முழுப் பாட்டையும் தலைகீழாகக் கற்றுக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். ஒரு மாதம், அதுவும் தானே எழுதிப் பாடிய பாட்டு!

பள்ளிப் பிள்ளைகளால் எப்படி முடிந்தது? லிப் டப்பில் வரிக்கு ஒருவர். கிறிஸ் மார்ட்டின் ஒரு முழுப் பாட்டைத் திருப்பிக் கற்றார். இங்கே ஒரு மாணவர் கற்க வேண்டியது ஒன்றிரண்டு வரி. ஐந்தாறு விநாடி, பத்து விநாடி. அதைக் காதில் போட்டுக்கொண்டு ஓரிரு நாளில் யாரும் பிடித்துவிடலாம். தொழில்முறைப் பாடகருக்குச் சுமையாக இருந்த உத்தி, ஆள் நிறைய இருக்கிற பள்ளிக்கூடத்தில் பங்கு போட்டதும் இலேசாகிவிட்டது. ரிவர்ஸ் என்பதைத் தனி உத்தியாகப் பார்த்தால் இது தெரியாது. லிப் டப்போடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

வாய்க்குள் நடப்பதில் பாதிக்கு மேல் கேமராவுக்குத் தெரியவே தெரியாது என்பதும் ஒரு சலுகை. ட, க, ர எல்லாம் நாக்கு உள்ளே செய்கிற வேலை. நாலைந்து அடி தள்ளியிருக்கிற கேமராவுக்கு இரண்டே விஷயம்தான் தெளிவாகத் தெரியும்: உதடு ஒட்டுவது, உதடு குவிவது. உதடு ஒட்டாத குறள் என்று பள்ளியில் சொல்லித்தருவார்களே, ‘யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்’, அதை ஒருவர் சத்தமில்லாமல் வாயசைத்தால் என்ன சொல்கிறார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பிடித்துக்கொள்ள ஒரு ‘ப’வோ ‘ம’வோ இல்லை. ‘மேக் மை ட்ரீம்ஸ்’ என்பதில் மூன்று ‘ம்’ இருக்கின்றன. மூன்று இடத்தில் உதடு மூட வேண்டும். மூடித் திறப்பது முன்னால் ஓட்டினாலும் பின்னால் ஓட்டினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த மூன்று மூடலும் தாளத்தில் சரியாக விழுந்துவிட்டால் நடுவில் நாக்கு என்ன உளறினாலும் கண் ஏமாந்துவிடும்.

தாளத்தைப் பிடிப்பதில்தான் உண்மையான தொல்லை. டிரம் அடி என்பது டக்கென்று தொடங்கி மெல்ல அடங்குவது. திருப்பி ஓட்டினால் மெல்ல ஊதிப் பெருகி டக்கென்று அறுந்துபோகும். அடி எங்கே விழுகிறது என்பது அடி முடிந்த பிறகுதான் காதுக்குத் தெரியும். பழகிய பாட்டாக இருந்தாலும் இந்த நிலையில் வழக்கமான அடையாளங்கள் அவ்வளவாக உதவாது. விரல் விட்டு எண்ணிக்கொண்டு நிற்பதுதான் வழி.

கால்

சாதாரண லிப் டப்பில் பாடுகிறவர் கேமராவை நோக்கி நடந்துவருவார். கேமரா தூக்கியவர் அவரைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து போவார். அவருக்குப் பின்னால் இருக்கிற படி, கதவு, தூண் எதுவும் தெரியாது. அதனால் ஒருவர் அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார். கல்லூரி விழாவுக்கு இப்படி எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் திகில் தெரியும்.

ரிவர்ஸில் எடுத்தால் இது அப்படியே மாறிவிடும். முடிந்த படத்தில் கேமரா பின்வாங்குவதாகத் தெரிய வேண்டுமானால் படப்பிடிப்பில் கேமரா முன்னோக்கிப் போக வேண்டும். தூக்கியவர் பாதையைப் பார்த்தபடி நடக்கலாம். கை ஆடாது, கதவில் இடிக்காது. ஒரே ஷாட்டில் மிகவும் பயப்பட வேண்டிய ஆள் கேமராக்காரர், அவர் பாதுகாப்பாகிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு நடக்கிற ஆபத்து பாடுகிறவர்களுக்குப் போகிறது. அவர்கள் ஆளுக்குப் பத்தடிதான் நடக்கப்போகிறார்கள், கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் கேமராவும் இல்லை.

பின்னால் நடப்பவரைத் திருப்பி ஓட்டினால் முன்னால் நடப்பதுபோலத்தான் இருக்கும், ஆனால் முழுக்க அல்ல. நாம் முன்னால் நடக்கும்போது குதிகால் முதலில் தரையில் படும். பின்னால் நடக்கும்போது விரல்நுனி முதலில் தொடும். திருப்பினால் அது கடைசியாகத் தரையை விடும் விரல்நுனி ஆகும். அதுவரை சரி. உடம்பின் எடைதான் காட்டிக்கொடுக்கும். முதுகுப்பக்கம் என்ன இருக்கிறதோ என்ற தயக்கத்தில் எடை அடுத்த காலுக்கு மாற ஒரு கணம் தயங்கும்; திரையில் அது மிதக்கிற நடையாகத் தெரியும். ரிவர்ஸ் படங்களுக்கு உள்ள அந்தக் கனவு போன்ற தன்மை பெரும்பாலும் இந்த நடையிலிருந்து வருவதுதான். ‘ட்ரீம்ஸ்’ என்று பாடுகிற பாட்டுக்கு அது பொருந்தியது கூடுதல் வசதி. அதைத் திட்டமிட்ட குறியீடு என்று ரிப்போர்ட்டில் எழுதினால் நான் மதிப்பெண் போட மாட்டேன்.

இன்னொரு வேடிக்கை. உதடும் சரியாக ஒட்டி, நடையும் இயல்பாக அமைந்துவிட்டால், படம் ரிவர்ஸில் எடுத்தது என்பதே பார்ப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்! பட்ட பாடெல்லாம் வீண். அதனால் இந்த வகைப் படத்தில் அங்கங்கே சாட்சி வைத்தாக வேண்டும். தரையிலிருந்து காகிதம் பறந்து கைக்கு வர வேண்டும், பந்து தானாக எழும்ப வேண்டும், விழுந்தவர் நிமிர வேண்டும். அதுவும் முதல் பத்து இருபது விநாடிக்குள் ஒன்று கண்ணில் பட வேண்டும். காகிதம், பலூன், பந்து போன்றவற்றுக்கு இன்னொரு நன்மை, அடுத்த டேக்குக்குப் பொறுக்கி எடுத்துவிடலாம். தண்ணீர், மாவு, சாயம் என்று இறங்கினால் ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் நடுவில் துடைப்பத்தோடு அரை மணி நேரம் போகும்.

எந்தப் பிழை எப்போது

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாராட்டுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

லிப் டப்பின் எழுதாத விதி: கடைசியில் கூட்டம். தனி ஆளில் தொடங்கி, ஆள் சேர்ந்து சேர்ந்து, முடிவில் எல்லோரும் ஒரே இடத்தில் குதிக்க வேண்டும். மாண்ட்ரியல் படமும் அப்படித்தான் முடிகிறது. ஆனால் பிழை நடக்க அதிக வாய்ப்புள்ள இடமும் அந்தக் கூட்டம்தான். யாரோ ஒருவர் கேமராவை மறைப்பார், யாரோ சீக்கிரம் குதித்துவிடுவார். அது நாலாவது நிமிடத்தில் நடக்கிறது என்றால், அதற்கு முன்னால் சரியாகச் செய்த அத்தனை பேருடைய வேலையும் குப்பைக்குப் போகும். மறுபடி முதலிலிருந்து. இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும் கூட்டத்தின் உற்சாகம் வடிந்துவிடும். சிரிப்பு சிரிப்பாக இருக்காது.

ரிவர்ஸில் எடுக்கும்போது முடிவு முதலில் வருகிறது. கூட்டக் காட்சியில்தான் கேமரா ஓடத் தொடங்கும். அங்கே சொதப்பினால் இருபது விநாடியில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம். நஷ்டம் இருபது விநாடிதான். கூட்டம் சரியாக அமைந்த பிறகுதான் கேமரா சிறு குழுக்களுக்கும் தனி ஆட்களுக்கும் போகிறது. போகப்போகக் காட்சி எளிதாகிறது. கடைசி அரை நிமிடத்தில் ஒன்றிரண்டு பேர்தான் மிச்சம். முடித்தவர்கள் ஓசைப்படாமல் உட்கார்ந்துகொள்ளலாம். நூறு பேரைத் தங்கள் முறை வரும்வரை ஓர் அறையில் அடைத்துவைத்துச் சத்தம் போடாதே என்று கத்த வேண்டியதில்லை. கூட்டம் களைப்பில்லாமல் இருக்கிறபோதே கூட்டக் காட்சி முடிந்துவிடுகிறது. நான் ஆசிரியராக இருந்தால் இதற்காகவே ரிவர்ஸைச் சிபாரிசு செய்வேன்.

ஒலி

படப்பிடிப்பில் பாட்டை எங்கிருந்து ஒலிக்கவைப்பது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். விநாடிக்கு 30 ஃப்ரேம் (தனித்தனிப் படம்) என்றால், ஸ்பீக்கரிலிருந்து 11 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு ஒரு ஃப்ரேம் தாமதமாக வந்து சேரும். வராண்டாவின் அந்தக் கோடியில், 35 மீட்டருக்கு அப்பால் நிற்பவருக்கு மூன்று ஃப்ரேம் பிந்தும். வாயசைப்பில் அது கண்ணுக்கு உறுத்த ஆரம்பிக்கும் அளவு. சாதாரணப் படத்தில் எடிட்டிங்கில் அங்கங்கே நகர்த்திச் சரிசெய்யலாம். ஒரே ஷாட்டில் எதை நகர்த்துவது? ஆகவே ஸ்பீக்கரைக் கேமராவோடு கூடவே தூக்கிக்கொண்டு போவதுதான் முறை. ரிவர்ஸில் இந்தத் தாமதம் இன்னும் ஒரு குறும்பு செய்யும்: பிந்திய உதடு, திருப்பியதும் முந்திய உதடாகிவிடும். பாட்டு வருவதற்கு முன்பே வாய் திறக்கும். நல்லவேளை, உதடு முந்துவதைக் கண் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பிந்தினால்தான் எடிட்டருக்குத் தூக்கம் போய்விடும்.

விட்டது

லிப் டப்பின் உயிர் அதன் தற்செயல்தான். மாண்ட்ரியல் படத்தில் ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த பாட்டைக் கத்திப் பாடுகிறார்கள். அந்தக் கத்தல் கேமராவுக்குத் தெரிகிறது, கழுத்து நரம்பு வரைக்கும். தலைகீழ் ஒலியை எண்ணிக்கொண்டு வாயசைப்பவர் அப்படிக் கத்த முடியாது. முகத்தில் ஒரு ஓரத்தில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். புருவம் அதைக் காட்டும். ஷோர்வுட் பிள்ளைகள் அதை நிறையச் சிரிப்பாலும் அசைவாலும் மூடியிருக்கிறார்கள், சில இடங்களில் மூட முடியவில்லை. முதல் முறை பார்க்கும்போது உத்தியின் வியப்பில் இது தெரியாது. இரண்டாம் முறை தெரியும்.

கொண்டாட்டம் எதில் அதிகம் என்று கேட்டால் மாண்ட்ரியலைத்தான் சொல்வேன். மூளை எதில் அதிகம் என்றால் ஷோர்வுட். இது போட்டிக்கான பதில் என்பதால் அந்தத் தேர்வு நியாயமானது. எதிர்ப்பள்ளி செய்ததையே இன்னும் அழகாகச் செய்தால் யார் பெரியவர் என்று பட்டிமன்றம் வைக்க வேண்டியிருக்கும். வேறு விளையாட்டுக்கே தாவிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

நம் ஊரில் எடுப்பவர்களுக்கு

தமிழ்ப் பாட்டில் இதைச் செய்ய நினைப்பவர்கள் வேகமான ராப் பகுதி உள்ள பாட்டை விட்டுவிடுங்கள். இழுத்துப் பாடுகிற, ‘ம’வும் ‘ப’வும் நிதானமாக வருகிற பாட்டாக எடுங்கள். ‘அம்மா’ போல நடுவில் உதடு ஒட்டுகிற சொற்கள் திருப்பினாலும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், கற்றுக்கொடுப்பது சுலபம். ஒவ்வொருவரும் தன் வரியின் திருப்பிய ஒலியைத் தமிழிலேயே எழுதி வைத்துக்கொண்டு, ஃபோனில் தன்னைப் படம்பிடித்துத் திருப்பி ஓட்டிப் பார்த்தால் எங்கே தவறுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். ஃபோனிலேயே முழுப் படத்தையும் எடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: பல ஃபோன்கள் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஃப்ரேம் ரேட்டை (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை) தாமாகவே கூட்டிக் குறைக்கின்றன. வெயிலிலிருந்து வராண்டாவுக்குள் நுழையும்போது அது மாறும், மூன்று நிமிட ஷாட்டில் உதடு கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகும். ஃப்ரேம் ரேட்டைப் பூட்டிவைக்கிற கேமரா ஆப்பில் எடுங்கள். முடியாவிட்டால், டைம்லைனில் போட்டு ரிவர்ஸ் செய்வதற்கு முன்பே ஒரே சீரான ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.